முதலில் நல்ல பல்

"பிடுங்கிடுங்க டாக்டர். மேல, இடது பக்கம், கடைசிப் பல்லு. அதுக்குப் பின்னாடி இருந்ததைப் போன மாசமே எடுத்தாச்சு. இதையும் எடுத்துட்டா தொல்லை விட்டுது."

நாற்காலியில் முழுசாகச் சாய்வதற்குள்ளேயே மாஸ்டர் இதைச் சொல்லி முடித்துவிட்டார். ஆறு மணிக்கு அவர் அடுமனையில் மாவு போட வேண்டும். இப்போது மணி நாலு.

பல் டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தார். ஐம்பது வயது இருக்கும், குட்டையான உருவம். முக்காலியை ஏற்றிப் போட்டால்தான் நோயாளியின் வாய் எட்டும்.

"பிடுங்கறது ரெண்டு நிமிஷ வேலை. திரும்ப நடறதுக்குத்தான் எனக்கு வழி தெரியாது. கொஞ்சம் பேசிட்டுப் பிடுங்கலாமா?"

"பேச என்ன இருக்கு? வலிக்குது."

"எப்படி வலிக்குது?"

"வலிக்கிற மாதிரி வலிக்குது."

மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாஸ்டரின் மனைவிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாக அவளுக்குக் கிடைத்த பதிலும் இதுதான்.

குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் குறை கேட்பது அவள் வேலை. காலை ஒன்பது மணிக்குக் காதில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவாள். தண்ணீர் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை, நின்றால் நாறுகிறது என்று ஊரே அவளிடம் வந்து கொட்டும். கட்டின புருஷன் மட்டும் ஒரு குறை சொன்னதில்லை. காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதும், "ஒண்ணுமில்ல, நீ போய் வேலையைப் பாரு," என்பார். அடுமனையில் அவருக்குக் கல்லு மாஸ்டர் என்று பேர். அந்தப் பேர் வந்த கதையை அங்கே வேலை செய்பவர்கள் அவளிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார்கள். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டித் தட்டைப் பிடித்திருந்த துணி நழுவிவிட்டதாம். நாற்பது ரொட்டி. மனுஷன் தட்டைக் கீழே போடவில்லை. வெறுங்கையோடு எட்டு அடி நடந்து, மேசையில் சத்தம் வராமல் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கையைத் திருப்பிப் பார்த்தாராம்.

அந்த ஆள் நாலு மாசமாகத் தூக்கத்தில் முனகுகிறார் என்றால் அந்த வலி எப்பேர்ப்பட்டதாக இருக்கும்? அவளுக்குப் பயம் அதுதான். ஒரு பல் போயாயிற்று, வலி போகவில்லை. இன்று இன்னொன்று போகும். அதற்குப் பிறகும் போகவில்லை என்றால்? வரிசையாக ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ரொட்டி சுடுகிற ஆள் ரொட்டி மெல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

டாக்டரம்மா எக்ஸ்ரேவை விளக்கில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க பிடுங்கச் சொல்ற பல்லுல சின்னதா ஒரு சொத்தையை அடைச்ச இடம் இருக்கு. வேர் சுத்தமா இருக்கு. அதே இடது பக்கம் கீழ் வரிசையில உலோக கேப் போட்ட ஒரு பல்லு இருக்கு. எப்போ போட்டது?"

"எட்டு வருஷம் ஆச்சு. அது ஒண்ணும் பண்ணல. வலி மேலதான்."

"கேப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு படத்துல தெரியாது. சரி, பல்லுகளையே கேட்டுடலாம்."

"பல்லு பேசுமா?" என்று மாஸ்டர் கேட்டார். கேலிதான்.

"பேசும். என்ன, உங்க வழியாத்தான் பேசும். பல்லு வெளியில ஓடு மாதிரி இருந்தாலும், உள்ள ஒரு துளிச் சதை இருக்கு. ரத்தம் ஓடுற உயிருள்ள சதை, நரம்பும் உண்டு. அதைத் திறக்காம அது எப்படி இருக்குன்னு கண்டுபிடிக்கணும். குளிர் வைப்பேன், தட்டுவேன், லேசா கரண்ட் விடுவேன். தெரிஞ்ச உடனே கையைத் தூக்குங்க. தெரியறது நிக்கிற வரைக்கும் தூக்கியே வச்சிருங்க. அவ்வளவுதான்."

கல்யாணமாகிப் பேத்தி எடுத்த வயதில் ஒரு உதவியாளர் அந்த அறையில் இருந்தார். எல்லாருக்கும் அவர் அக்காதான். அக்கா சின்னப் பஞ்சுருண்டையை இடுக்கியில் பிடித்துக் கொடுத்தார். டாக்டரம்மா அதன்மேல் ஒரு குப்பியால் பீய்ச்சினார். பஞ்சில் உறைபனி பூத்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் போனது மாஸ்டரின் வலது பக்கத்துக்கு.

"டாக்டர், வலி இடது பக்கம்."

"தெரியும். முதல்ல நல்ல பல்லு. நல்ல பல்லு எப்படிப் பேசுதுன்னு தெரிஞ்சாத்தானே கெட்டது எப்படிப் பேசுதுன்னு தெரியும்? ஒவ்வொரு ஆளுக்கும் குரல் வேற."

மூலையில் இருந்தவளுக்கு இது பிடித்துப்போயிற்று. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் அவளுடைய முதல் கேள்வி, பக்கத்து வீட்டில் வருகிறதா என்பதுதான்.

பஞ்சு பல்லில் பட்டது. மாஸ்டர் கையைத் தூக்கவில்லை.

"தெரியலையா?"

"ஊஹூம்."

இன்னொரு நல்ல பல். தூக்கவில்லை. முன்பல் ஒன்று. அதற்கும் இல்லை. வாய்க்குள் பார்க்கிற கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். மாஸ்டர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"அக்கா, அந்தக் கருவியை எடுங்க."

பேனா மாதிரி ஒரு முனை, ஒரு கம்பி, எண்கள் ஓடுகிற ஒரு சின்னத் திரை. கம்பியின் மறுமுனையில் ஒரு உலோகத் தண்டு. அதை மாஸ்டரின் கையில் கொடுத்தார்கள்.

"இதைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். பல்லுல சுருக்குன்னு தெரிஞ்ச உடனே விட்டுடுங்க. விட்டா நின்னுடும். புரிஞ்சுதா?"

"ம்."

பேஸ்ட் தடவிய முனையை ஒரு நல்ல முன்பல்லில் வைத்தார். எண்கள் ஏறின. பத்து. பதினைந்து. இருபது. அக்கா எழுதுவதற்குப் பேனாவைத் தயாராக வைத்திருந்தார். முப்பது. நாற்பது. மாஸ்டர் தண்டைப் பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்தன. ஐம்பது.

டாக்டரம்மா வாயைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். அவர் மாஸ்டரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடுப்பொத்தான் எப்போதோ அசையாமல் நின்றுவிட்டிருந்தது.

முனையைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இதுவரைக்கும் நான் பார்த்ததுல உங்களுக்கு நல்ல பல்லு, கெட்ட பல்லு, எதுவுமே உயிரோட இல்ல. அப்படின்னா நீங்க பல்செட் போட்டிருக்கணும். இல்ல, பொய் சொல்லணும்."

"நான் பொய் சொல்றதில்ல," என்றார் மாஸ்டர். கோபம்தான்.

"சுருக்குன்னு இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்போ ஏன் விடல?"

"விடற அளவுக்கு இல்ல. தாங்க முடிஞ்சுது."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "ஏங்க, பிடிச்சுக்கிட்டே இருந்தா பரிசா தரப் போறாங்க? விடுன்னா விட வேண்டியதுதானே?"

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்துதானே ஒரு பல்லைக் குடுத்துட்டு வந்தீங்க?"

அக்கா பேனாவை மூடினார். "டாக்டர், எதை எழுதட்டும்? எல்லாத்துக்கும் நேரா 'இல்ல'ன்னு போட்டா, நாளைக்கு யாராவது இந்த அட்டையைப் பார்த்துட்டு எல்லாத்தையும் பிடுங்கிடுவாங்க."

"எதையும் எழுதாதீங்க." டாக்டரம்மா முக்காலியோடு பின்னால் உருண்டு, முகமூடியைக் கழற்றி, அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. வீட்டுல என்ன பண்றாரு? வலிக்குதான்னு நான் கேக்கல. என்ன பண்றாரு?"

இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்தாள்.

"டீயை ஆற வச்சுத்தான் குடிக்கிறாரு. முன்னாடியெல்லாம் கொதிக்கக் கொதிக்க ஊத்திக்குவாரு. எங்க போனாலும் ஒரு பாட்டில்ல ஐஸ் தண்ணி. வாயில ஊத்தி இடது பக்கமா ஒதுக்கி வச்சுக்குவாரு. கேட்டா, பழக்கம்பாரு."

"பழக்கம்தான்," என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. துப்புக் கிடைத்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "சூடு ஆகாது, குளிர் சுகமா இருக்கு. இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் இவ்வளவு நல்லா வியாதி சொல்லல."

அவளுக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

"ஐயா, நீங்க அடுமனைதானே? அடுப்பு சூடு எப்படிப் பார்ப்பீங்க? மீட்டர் இருக்கா?"

"இருக்கு. அதை யார் நம்பறது? கையை உள்ள நீட்டி எண்ணுவேன். எட்டு எண்றதுக்குள்ள எடுக்கத் தோணுச்சுன்னா ரொட்டிக்குச் சரி. பன்னிரண்டு வரைக்கும் இருக்க முடிஞ்சா பிஸ்கட்டுக்கு."

"எட்டுல எடுக்கத் தோணும்போது உங்களால பத்து வரைக்கும் தாங்க முடியாதா?"

"பதினஞ்சு வரைக்கும் தாங்குவேன்."

"அப்புறம் ஏன் எட்டுலயே எடுக்கறீங்க?"

மாஸ்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார், ஒன்றும் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. "அது தாங்கறதுக்கு இல்லைங்க, பார்க்கறதுக்கு. தாங்கிக்கிட்டே நின்னா அடுப்பு என்ன சூடுன்னு எப்படித் தெரியும்?"

டாக்டரம்மா முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, இடுக்கியை எடுத்து, அதில் புதுப் பஞ்சைச் செருகிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல். 

"இதுவும் பார்க்கறதுக்குத்தானா?" என்றார் மாஸ்டர் கடைசியில்.

"பார்க்கறதுக்கு மட்டும்தான். இங்க எனக்குக் கை நீங்கதான். என் கையை உள்ள விட முடியாதே."

"முன்னாடியே அப்படிச் சொல்லக் கூடாதா?" என்று அலுத்துக்கொண்டு மாஸ்டர் தலையைச் சரியாகச் சாய்த்தார். "ஆரம்பிங்க. வந்தது எத்தனை எண்ணுல, போனது எத்தனை எண்ணுல, ரெண்டையும் சொல்றேன். போதுமா?"

"அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அதற்கப்புறம் நடந்ததை அவள் பின்னாளில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வலது மேல் கடைவாய்ப் பல். பஞ்சு பட்டதும் மாஸ்டர் இரண்டு விரலைக் காட்டினார். பஞ்சை எடுத்ததும் மூன்று எண்ணிக் கையை இறக்கினார். "ரெண்டுல வந்துச்சு. மூணுல சுத்தமா போயிடுச்சு."

பக்கத்துப் பல். "இதுவும் ரெண்டு. போனது நாலுல."

முன்பல். "ஒண்ணுலயே வந்துடுச்சு. மெல்லிசான பல்லு போல."

"ஆமா, முன்பல்லுல ஓடு மெல்லிசு," என்றார் டாக்டரம்மா வியப்போடு. அக்கா கடகடவென்று எழுதிக்கொண்டிருந்தார்.

கருவியைத் திரும்பக் கொடுத்தபோது, முன்பல்லுக்குப் பதினெட்டில் தண்டை விட்டார். மறுபடி வைத்தபோதும் பதினெட்டு. மூன்றாம் தடவை டாக்டரம்மா அவருக்குத் தெரியாமல் கரண்டே விடாமல் முனையை மட்டும் வைத்தார்.

"இப்போ ஒண்ணும் இல்லையே," என்றார் மாஸ்டர். "மெஷின் கெட்டுப்போச்சா?"

டாக்டரம்மா சத்தமாகவே சிரித்துவிட்டார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க மெஷினை விட நல்லா இருக்கீங்க."

இப்போது இடது பக்கம். பிடுங்கச் சொன்ன பல்லில் பஞ்சு பட்டது. அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு விரல். பஞ்சை எடுத்தபின் மூன்று எண்ணிக்கை. கை இறங்கியது.

மாஸ்டர் இறக்கிய விரல்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "வலது பக்கம் மாதிரியேதான் இருக்கு," என்றார், தனக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்வது போல.

"ஆமா. இது ஆரோக்கியமான பல்லு."

"ஆனா வலி இங்கதான் டாக்டர். விரல் வச்சுக் காட்டறேனே."

"நீங்க காட்டறதும் பொய் இல்ல. பொறுங்க."

கீழ் வரிசைக்கு வந்தார். முன்னால் இருந்த பற்கள் எல்லாம் இரண்டு, மூன்று என்றன. உலோக கேப் போட்ட பல்லில் பஞ்சு பட்டது. விரல் எழவில்லை. பத்து எண்ணியாயிற்று.

"ஒண்ணுமில்ல. இல்ல, இருங்க. சொல்லப் போனா சுகமா இருக்கு. எடுக்காதீங்க."

"அக்கா, ரப்பர் விரிப்பு. வெந்நீர்."

ஒரு மெல்லிய ரப்பர்த் துண்டில் ஓட்டை போட்டு, ஒரே ஒரு பல் மட்டும் அதன் வழியாக எட்டிப் பார்க்கும்படி மாட்டினார். மற்றப் பற்கள் எல்லாம் விரிப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டன. குளிர் ஒரே இடத்தில் நிற்கும், வெந்நீர் ஓடிவிடும், பக்கத்துப் பல்லைத் தொட்டால் யார் பேசினார்கள் என்று தெரியாது, அதனால்தான் இந்தப் பாடு என்று கைவேலையோடு சொன்னார். இங்கேயும் முதலில் வலது பக்கத்து நல்ல பல். பிறகு பிடுங்கச் சொன்ன பல். ஒவ்வொன்றுக்கும் விரிப்பைக் கழற்றி, மறுபடி ஓட்டை போட்டு, மறுபடி மாட்டி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரு முழு நிமிஷம் காத்திருந்தார். இரண்டும் 'சூடு தெரிந்தது, போய்விட்டது' என்றன. மணி ஐந்தைத் தாண்டியது. வெளியே காத்திருப்பவர்கள் இருமினார்கள். டாக்டரம்மாவின் கை கொஞ்சம்கூட வேகம் பிடிக்கவில்லை. ஒரு அழைப்பை ஆறு நிமிஷத்துக்குள் முடிக்கவேண்டிய தன் அலுவலகத்தை நினைத்துப் பார்த்தாள் அவள். இப்படி ஒரு குறையை அடிவரைக்கும் கேட்க அவளுக்கும் ஆசைதான்.

கடைசியாகக் கேப் போட்ட கீழ்ப் பல். விரிப்பு வாயை மூடியிருந்ததால் மாஸ்டர் விரலால் மட்டும்தான் பேச முடியும்.

வெந்நீர் விழுந்தது. ஒரு விரல் நீண்டது, வெறும் எண்ணிக்கைக்கு. இரண்டு. மூன்று. நான்கு. ஒன்றும் இல்லை போலிருந்தது. ஐந்து. அடுத்த கையில் ஆறு. ஏழு.

எட்டாவது விரல் நீளவில்லை. இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடியைப் பாய்ந்து பிடித்தன. கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. அந்த வேதனையிலும் மனுஷன் வலது கையைப் பிடுங்கி எடுத்து, நேராக மேலே தூக்கி, ஒரு விரலால் காட்டினார். காட்டியது மேல் தாடையை. பிடுங்கச் சொன்ன பல்லை.

வெந்நீர் விழுந்ததோ கீழே.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். தன் கண்ணால் பார்த்தாள், கீழே தண்ணீர், மேலே விரல்.

டாக்டரம்மா அதற்குள் குளிர்ந்த நீரை விட்டுவிட்டார். விரல் மெல்ல மடங்கியது. சட்டைப் பொத்தான் மறுபடி ஏறி இறங்க ஆரம்பித்தது. விரிப்பைக் கழற்றி, மாஸ்டரின் வாயைத் துடைத்துவிட்டு, அவர் தோளில் கை வைத்தார்.

"நாலு மாசமா நீங்க சுமந்தது இதைத்தானா?"

"இதேதான்," என்றார் மாஸ்டர்.  "மேலதானே?"

"கீழ. கேப்புக்குள்ள இருக்கிற சதை அழுக ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு தாடையிலேர்ந்து வர்ற நரம்பும் ஒரே பாதையில சேர்ந்துதான் தலைக்குப் போகுது. எந்த வாசல்லேர்ந்து வந்த சேதின்னு தலைக்குக் குழம்பிடும்."

அவளால் பொறுக்க முடியவில்லை. "எங்க ஆபீஸ்லயும் இதேதான் டாக்டர்! சுவர் ஊறுதுன்னு ஒரு வீட்டுலேர்ந்து போன் வரும். குழாய் உடைஞ்சிருக்கிறது மூணாவது வீட்டுல இருக்கும். ஈரம் தெரியுதேன்னு அந்தச் சுவரை இடிச்சுட்டா?"

"அப்படிப் போடுங்க! அடுத்த தடவை யாருக்காவது புரிய வைக்க நான் இதைத்தான் சொல்லப் போறேன்." டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுத்திருந்தார். "ஆனா என் பேச்சை நம்பி வாயைத் திறக்காதீங்க. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு. இப்பவும் மேல லேசா விண்ணுன்னு இருக்குமே, கீழ்த் தாடையை மட்டும் மரத்துப்போக வைக்கிறேன். மேல தொட மாட்டேன். வலி நின்னா குற்றவாளி கீழ. நிக்கலைன்னா நான்தான் தப்பு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

ஊசி இறங்கியது. பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அக்கா அவளிடம், போன வருஷம் ஊஞ்சலிலிருந்து விழுந்து முன்பல்லில் அடிபட்ட ஒரு சிறுமியின் கதையைச் சொன்னார். குளிருக்கும் பேசவில்லை, கருவிக்கும் பேசவில்லை. செத்த பல் என்று வேறு யாராக இருந்தாலும் திறந்திருப்பார்கள். "இவங்க திறக்க விடல. நாங்க கேக்கறது நரம்பைத்தான், ரத்தம் ஓடுதான்னு நேரா பார்க்க முடியல, நரம்பு அதிர்ச்சியில இருக்கும், காத்திருப்போம்னாங்க. மாசா மாசம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. மூணாவது மாசம் அந்தப் பொண்ணு நாற்காலியில துள்ளிக் குதிச்சா. அன்னைக்கு டாக்டர் முகத்தைப் பார்க்கணுமே நீங்க!"

"அக்கா, என்னைப் பத்தின கதை போதும்," என்று டாக்டரம்மா அதட்டினார். பிறகு மாஸ்டரிடம், "இப்போ எப்படி இருக்கு?"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அடுப்புக்குள் கையை நீட்டி நிற்கும்போது அவர் அப்படித்தான் கண்ணை மூடுவார். நெடுநேரம் எண்ணினார்.

"இல்ல."

"லேசாக்கூட?"

"எங்கயுமே இல்ல. மேலயும் இல்ல." கண்ணைத் திறந்தார். "மேல ஊசி போடலையே நீங்க?"

"போடல."

அவர் மேல் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். நல்ல உணர்ச்சி இருந்தது. கன்னத்துக்குள் நாக்கை விட்டு, பிடுங்காமல் தப்பிய அந்தப் பல்லைத் தடவினார். பிறகு அதற்குப் பின்னால் இருந்த காலி இடத்தையும்.

"அப்போ, போன மாசம் எடுத்தது?"

 டாக்டரம்மா முக்காலியைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார்.

"அதை நான் பார்க்கல. அதுகிட்ட ஒண்ணும் கேக்கவும் இல்ல. தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

"அதை எடுத்தவர் என்னைக் கேட்டாரு டாக்டர்," என்றார் மாஸ்டர். "பாவம், ரெண்டு தடவை கேட்டாரு. தட்டினா வலிக்குதான்னு. ஆமா ஆமான்னேன். எங்க தட்டியிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். சீக்கிரம் முடிச்சுட்டுப் போகணும்னு இருந்துச்சு."

புருஷனை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் இருபத்தாறு வருஷத்தில் தன் தப்பை இப்படி நீளமாக அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. விட்டுவிட்டாள்.

கேப்பில் துளை போட்டு உள்ளே திறந்தபோது வந்த நாற்றம் மூலைவரைக்கும் வந்தது. "ஒரு வேர்ல சதை செத்துடுச்சு, இன்னொண்ணுல இன்னும் உயிர் இருக்கு, அதான் இந்த ஆட்டம்," என்று டாக்டரம்மா சொன்னார். கெட்டதைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக மூடினார். இன்னும் இரண்டு தடவை வரவேண்டும், பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றார். அக்கா அடுத்த தேதியை ஒரு அட்டையில் எழுதி அவளிடம் கொடுத்தார். மாஸ்டர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார்.

"டாக்டர், நீங்க அடுமனைக்கு வந்திருந்தா நல்ல மாஸ்டரா வந்திருப்பீங்க."

மரத்த உதட்டோடு சொன்னதால் பாதி வார்த்தை வழுக்கிக்கொண்டு போயிற்று. டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "நன்றி மாஸ்டர்," என்றார்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். மாவு போட வேறு ஆளை வரச் சொல்லி அவளே அடுமனைக்குப் போன் செய்துவிட்டாள். மாஸ்டர் ஒன்றும் தடுக்கவில்லை, அதுவே அதிசயம்.

"ஏங்க, அடுப்புக்குள்ள எந்தக் கையை நீட்டுவீங்க?" சும்மாதான் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று இருந்தது.

"இடது கை."

"நீங்க வலது கைக்காரராச்சே?"

"முன்னாடி வலதுதான். ரெண்டு வருஷமா மாத்திட்டேன்."

"ஏன்?"

"வலது கையில சூடு சரியா தெரியல. மூணு விரல்ல. எண்ணிக்கை தப்பா வருது."

அவள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள். பஸ் ஒன்று வந்து நின்று, கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் போய்விட்டது.

"ரெண்டு வருஷமா தெரியலையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ கேக்கலையே."

"தினமும் கேட்டேனே! கையை உதறிக்கிட்டே இருக்கீங்களே, வலிக்குதான்னு கேட்டேனா இல்லையா?"

"வலிக்கலையே. அதான் இல்லன்னு சொன்னேன்."

 கோபப்படுவதா, அவரைக் கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். தேதி அட்டையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி. எப்போலேர்ந்து, எந்தெந்த விரல், எந்த வேளையில அதிகம். ஒண்ணு விடாம சொல்லுங்க. நாளைக்கு லீவு போடறேன், போய்க் காட்டிட்டுத்தான் மறு வேலை."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். காலையில் எழுந்ததும் அதிகம். உதறினால் இருபது எண்ணுவதற்குள் குறையும். கட்டை விரல், ஆள்காட்டி விரல். அவள் எழுதிக்கொண்டே போனாள். அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து அட்டையை எட்டிப் பார்த்தார்.

"மோதிர விரல் இல்லம்மா, நடு விரல். அதை அடிச்சுட்டு சரியா எழுது."